‘கரண்ட்’ செலவாகிறதா?

பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஓர் அறிவியல் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று நமது சங்க இதழின் ஆசிரியர் குழுவினர் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. நான் எழுத்தாளன் அல்லன். மின்பொறியியலில் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் பயிற்சியாளனாகச் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மும்பை வட்டாரத்தில் ரயில் மின்கம்பிகளோடு காலம் கழித்து, சீனியர் செக்‌ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றவன். இப்போது சொந்த ஊரான பொழியூரில் இருக்கிறேன்.

பொழியூர் எங்கே இருக்கிறது என்று மும்பையில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள கடற்கரைக் கிராமம் அது. கடலோரமாகவே தெற்கே போனால் நீரோடி வந்துவிடும், அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது கோடு எங்கள் ஊருக்குத் தெற்கே விழுந்தது. அதனால் நாங்கள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக வாழ்கிறோம்.

சென்ற மே மாத விடுமுறைக்கு மும்பையிலிருந்து பேத்தி வந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு முடித்தவள். ஒரு நாள் மாலை மழையில் மின்சாரம் நின்றுபோயிற்று. திண்ணையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். பொழுது போக வேண்டுமே என்று, “பல்பு எப்படி எரிகிறது, சொல்லு பார்க்கலாம்” என்றேன்.

“கரண்ட் வயர்ல வரும் தாத்தா. பல்பு அதைச் சாப்பிட்டுடும். அப்போ லைட் எரியும்.”

“சாப்பிட்டது போக மிச்சம்?”

“மிச்சம் எதுவும் இருக்காது. எல்லாம் செலவாயிடும்.”

மற்றப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறக்குறைய இதே பதிலைத்தான் டிப்ளமோ படித்த நானும் ஒருமுறை சொன்னேன். அந்தப் பதில் என் உயிரையே வாங்கியிருக்கும். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பிள்ளைகளுக்குத் தெளிவு பிறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

சொல்லிலேயே சிக்கல்

குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. நாம் பேசும் பேச்சே அப்படி இருக்கிறது. “கரண்ட் போயிடுச்சு”, “ஃபேனை நிறுத்து, கரண்ட் செலவாகுது”, “கரண்ட் பில் வந்திருக்கு” என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். உண்மையில் இங்கே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று மின்னோட்டம். உலோகக் கம்பிக்குள் ஏற்கெனவே இருக்கும் எலெக்ட்ரான்கள் நகர்வதுதான் அது. ஆங்கிலத்தில் கரண்ட் என்பது இதற்குரிய பெயர். மற்றொன்று ஆற்றல். வேலை செய்யும் திறன் அது. என் பேத்தி இதை எனர்ஜி என்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் ஊர்ஜம் என்று படிக்கிறார்கள்.

மின்னோட்டம் செலவாவதில்லை. போனது அத்தனையும் திரும்பி வருகிறது. வழியில் இறக்கிவிடப்படுவது ஆற்றல் மட்டுமே. அந்த ஆற்றலும் அழிவதில்லை, வெளிச்சமாகவோ வெப்பமாகவோ அசைவாகவோ வடிவம் மாறுகிறது. மின்சார வாரியம் நம்மிடம் காசு வாங்குவது இந்த ஆற்றலுக்குத்தான். ஆகவே ‘கரண்ட் பில்’ என்பது உண்மையில் ஆற்றல் பில்.

இதை இப்படியே சொன்னால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடுவார்கள். மனத்துக்குள் பழைய எண்ணம் அப்படியே இருக்கும். எனவே கையால் செய்ய வைக்க வேண்டும்.

முதல் நாள்: ஒரு செல், ஒரு பல்பு, ஒரு வயர்

1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்று, சிறிய டார்ச் பல்பு ஒன்று, இரு முனையும் சீவிய ஒரு முழ வயர். இவற்றைக் கொடுத்து, “பல்பை எரிய வை” என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்லாதீர்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் செல்லின் மேல் முனையிலிருந்து பல்பின் அடிமுனைக்கு வயரை வைப்பார்கள். எரியாது. செல் கெட்டுப்போச்சு என்பார்கள். பொறுமையாக இருங்கள். வளைத்தும் திருப்பியும் பார்த்து, கால் மணி நேரத்தில் யாராவது ஒருவர் எரிய வைத்துவிடுவார். அப்போது எழும் கூச்சலைக் கேட்க வேண்டும்!

இது குழந்தைகள் மட்டும் தடுமாறும் கணக்கு அல்ல. 1990-களில் அமெரிக்காவில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்ற பெரிய பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கிய கையோடு நின்ற மாணவர்களிடம் இதே மூன்று பொருள்களைக் கொடுத்துக் கேட்டுப் படம் பிடித்தார்கள். பலரால் பல்பை எரிய வைக்க முடியவில்லை.

விடை இதுதான். பல்புக்கு இரண்டு வாசல் உண்டு: அடியிலுள்ள புள்ளி ஒன்று, பக்கவாட்டு உலோகம் மற்றொன்று. செல்லுக்கும் இரண்டு முனை உண்டு. செல்லின் ஒரு முனையில் புறப்பட்டு, பல்பின் ஒரு வாசலில் நுழைந்து, மறு வாசலில் வெளியேறி, செல்லின் மறு முனைக்கு வந்து சேரும்படி வழி மூடியிருக்க வேண்டும். இதற்குத்தான் மின்சுற்று என்று பெயர். சுற்று என்ற தமிழ்ச்சொல்லே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாம் நாள்: இரண்டு பல்பு

சுற்று வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகும், “போகும்போது நிறைய, வரும்போது கொஞ்சம்” என்ற எண்ணம் போகாது. நியூசிலாந்தில் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜர் ஆஸ்பர்ன் 1980-களில் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைப் பற்றி விசாரித்து, அவர்கள் மனத்தில் இருக்கும் எண்ணங்களை வகைப்படுத்தினார். ஒரு வயரே போதும் என்பது ஒன்று. இரு பக்கமிருந்தும் இரண்டு மின்னோட்டம் வந்து பல்பில் மோதிக்கொள்கின்றன என்பது இன்னொன்று. பல்பு கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது என்பது மூன்றாவது. போவதும் வருவதும் சமம் என்ற சரியான எண்ணம் நான்காவது. இந்த நான்கையும் எங்கள் திண்ணையிலேயே நான் கேட்டேன்.

ஒரே மாதிரியான இரண்டு பல்புகளை ஒன்றன் பின் ஒன்றாக ஒரே சுற்றில் இணையுங்கள். செல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பதற்கு முன்பே, “எது பிரகாசமாக எரியும்?” என்று கேட்டு ஒவ்வொருவர் பதிலையும் எழுதி வாங்கிவிடுங்கள். இது மிக முக்கியம். முதல் பல்பு தின்றது போகத்தான் அடுத்ததற்கு என்று நம்பும் பிள்ளை, முதலாவதுதான் நன்றாக எரியும் என்று எழுதும்.

இணைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே எரியும். சிறு வித்தியாசம் தெரிந்தால் பல்புகளை இடம் மாற்றிப் பாருங்கள். மங்கலான பல்பு எங்கே வைத்தாலும் மங்கலாகவே எரியும். அது பல்பின் குணம், இடத்தின் குணம் அல்ல. செல்களைத் திருப்பிப் போட்டாலும் மாற்றமில்லை. முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்னவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

என் பேத்தி விடவில்லை. “எதுவுமே செலவாகலைன்னா செல் ஏன் தீர்ந்து போகுது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. செல்லுக்குள் இருக்கும் ரசாயனப் பொருள்கள் வினைபுரிந்து மாறுவதால்தான் எலெக்ட்ரான்களைத் தள்ளும் விசை கிடைக்கிறது. மாற வேண்டியது மாறி முடிந்தால் தள்ளுவதற்கு ஆள் இல்லை. தீர்ந்து போனது செல்லுக்குள் இருந்த ரசாயன ஆற்றல், எலெக்ட்ரான்கள் அல்ல.

மூன்றாம் நாள்: கயிறு

எங்கள் கடற்கரையில் கரமடி வலை இழுப்பார்கள். அந்தக் கயிற்றுத் துண்டு ஒன்றைக் கொண்டு வந்து இரு முனைகளையும் முடிந்து வளையமாக்கினேன். பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து, கயிற்றைத் தளர்ந்த கைகளுக்குள் ஓட விடச் சொன்னேன். ஒருவன் கயிற்றை இழுத்துச் சுற்றிவிட்டுக்கொண்டே இருப்பான், அவன்தான் செல். எதிரே நிற்கும் பெண் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பாள், அவள்தான் பல்பு.

சிறிது நேரத்தில் அவள், “பாட்டா, கை சுடுது!” என்றாள்.

“கயிறு உன் கையில் செலவாயிற்றா, மக்களே?”

“இல்லை. அது ஓடிக்கிட்டேதான் இருக்கு.”

“அப்போ சூடு எங்கிருந்து வந்தது?”

எல்லோரும் கயிற்றை இழுத்த பையனைப் பார்த்தார்கள். அவனுக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது.

பாடம் அவ்வளவுதான். அவள் கைக்குள் எவ்வளவு கயிறு நுழைகிறதோ அவ்வளவும் வெளியே போகிறது. அவனிடமிருந்து அவளுக்கு வந்தது ஆற்றல். வழியில் உராய்வினால் அது வெப்பமாக மாறியது. அவன் இழுத்த கணத்திலேயே அவள் கையில் அசைவு தெரிந்ததையும் கவனிக்கச் சொன்னேன். சுவிட்சைத் தட்டியதும் பல்பு எரிவதும் இப்படித்தான். வீட்டு வயரில் எலெக்ட்ரான்கள் ஒரு வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் கூட முன்னேறுவதில்லை. வயர் முழுதும் ஏற்கெனவே அவை நிரம்பியிருப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் அசையத் தொடங்குகின்றன.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு படி சொல்லலாம். கயிற்றைச் சுற்றிவிடாமல் ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தாலும் அவள் கை சுடும். நம் வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டம் இதுதான். வினாடிக்கு 50 முறை எலெக்ட்ரான்கள் ஒரு தலைமயிரின் பருமன்கூட நகராமல் முன்னும் பின்னும் அசைகின்றன. மின்நிலையத்து எலெக்ட்ரான் எதுவும் நம் வீட்டுக்கு வருவதில்லை. வருவது ஆற்றல்.

நான்காம் நாள்: சைக்கிள் டைனமோ

என் அப்பாவின் பழைய சைக்கிளில் டைனமோ இன்னும் இருக்கிறது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை டயரில் அழுத்தி, பெடலைக் கையால் சுற்றச் சொன்னேன். விளக்கு எரிந்தது. பிறகு விளக்குக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுச் சுற்றச் சொன்னேன். “இப்போ லேசா இருக்கு!” என்றார்கள். வயரை மாட்டினால் மறுபடியும் கனக்கிறது. வெளிச்சம் சும்மா வரவில்லை. சுற்றும் கை கொடுக்கும் ஆற்றல்தான் மின்னாற்றலாகி, விளக்கில் வெளிச்சமும் வெப்பமுமாகிறது. காந்தத்தின் அசைவால் கம்பியில் மின்னோட்டத்தை உண்டாக்கலாம் என்று 1831-இல் கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. இளமையில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர்; பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர்.

சைக்கிளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் கேட்டான்: “பாட்டா, சுற்று வேணும்னு சொன்னீங்க. டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே வயர்தானே போகுது?”

அந்தக் கேள்விக்காகத்தான் நான்கு நாளாகக் காத்திருந்தேன். “திரும்பும் வழி எங்கே என்று தேடிப் பார்” என்றேன். சிறிது நேரம் தேடிவிட்டு, “சைக்கிள் தானே இரும்பு!” என்று கத்தினான். ஆம், சைக்கிளின் உடம்பே திரும்பும் வயர்.

பாறசாலையில் ஒற்றைக் கம்பி

மறுநாள் எல்லோரையும் பாறசாலை ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். மேலே ஓடும் மின்கம்பியைக் காட்டி, “இதில் 25,000 வோல்ட். இன்ஜின் தன் தலையிலுள்ள கையால் இதைத் தொட்டு ஆற்றல் வாங்குகிறது. இதுவும் ஒரே கம்பிதான். திரும்பும் வழி எங்கே?” என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பேத்தி கீழே காட்டினாள். தண்டவாளம்!

மும்பையில் நாம் தினமும் ஏறி இறங்கும் லோக்கல் ரயிலும் இப்படித்தான். இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. அன்று 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். பின்னாளில் படிப்படியாக 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றினார்கள். எந்த முறையானாலும் துணைமின்நிலையத்தில் புறப்பட்ட மின்னோட்டம் மேல்கம்பி, இன்ஜின், சக்கரம், தண்டவாளம் என்று சுற்றித் திரும்பியாக வேண்டும்.

முதலில் சொல்வதாகச் சொன்ன கதை இங்கேதான் வருகிறது. நான் பயிற்சியில் இருந்த காலம். ஒரு யார்டில் இரண்டு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் செப்புப் பட்டை பழுதாகியிருந்தது. அதைக் கழற்றச் சொன்னார்கள் என்று ஸ்பேனரோடு குனிந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. எங்கள் பெரிய ஃபோர்மேன். பள்ளி இறுதிகூடத் தாண்டாதவர்.

“தற்காலிக இணைப்பு போடாமல் எதைக் கழற்றப் போனாய்?”

“மேலே உள்ள கம்பிதானே சார் ஆபத்து. இன்ஜின் எடுத்துக்கொண்டது போக இதில் என்ன பெரிதாக இருக்கப் போகிறது?”

அவர் கோபப்படவில்லை. “மேலே ஆயிரம் ஆம்பியர் போனால் கீழே ஆயிரம் ஆம்பியர் திரும்புகிறது, தம்பி. அந்த வழியை நீ வெட்டினால், வெட்டிய இடத்தில் உன் இரண்டு கைகள்தான் பாலம்” என்றார். என் கால்கள் நடுங்கின. நான் பரீட்சையில் கிர்ச்சாஃப் விதியை எழுதி மதிப்பெண் வாங்கியவன். ஆனால் உள்ளே இருந்தது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் எண்ணம்தான். சிறு வயதில் வேரூன்றிய தவறான எண்ணம் டிப்ளமோவாலும் போகவில்லை. அதனால்தான் ஆரம்பப் பள்ளியிலேயே இதைச் சரியாகச் சொல்லித் தர வேண்டும் என்கிறேன்.

ஆற்றல் போகும் வழி

சுற்று புரிந்த பிள்ளைகளுக்கு ஆற்றலின் பயணம் எளிதில் புரிகிறது. “பல்பின் வெளிச்சத்திலிருந்து பின்னோக்கிப் போ” என்று சொன்னால் போதும். இடுக்கியில் அணையின் உயரத்தில் நிற்கும் நீர், விழும்போது இயக்கமாகி, டர்பைனைச் சுற்றி, மின்னாற்றலாகிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று அதைச் செய்கிறது. எங்கள் ஊருக்கு வடக்கே விழிஞ்ஞத்தில் கடலலையே அதைச் செய்தது. சென்னை ஐ.ஐ.டி.யினர் வடிவமைத்து 1991-இல் இயங்கத் தொடங்கிய 150 கிலோவாட் நிலையம் அது. அலை ஏறி இறங்கும்போது கான்கிரீட் அறைக்குள் இருக்கும் காற்று தள்ளப்பட்டு டர்பைனைச் சுற்றும். அந்த நிலையம் இன்று இயங்கவில்லை. ஆனாலும் வீட்டுச் சுவரை இடிக்கும் அலையை மட்டுமே அறிந்த எங்கள் கடற்கரைப் பிள்ளைகள், அலையால் விளக்கு எரிந்தது என்று கேட்டு வாய் பிளந்தார்கள்.

ஆற்றல் எதிர்த் திசையிலும் போகும். இன்றைய புதிய மின்சார ரயில்களில் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தின் ஆற்றலை மின்னாற்றலாக்கி மேல்கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. பக்கத்தில் ஏறும் இன்னொரு ரயில் அதை வாங்கிக்கொள்ளலாம்.

பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். ஒரு டன் பாரத்தை ஏறக்குறைய 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது! 60 வாட் பழைய குண்டு பல்பு அதைப் பதினாறே முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடும், பெரும்பகுதி வெப்பமாகிவிடும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு 111 மணி நேரம் எரியும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போட வையுங்கள். அதன் பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி நாம் கத்த வேண்டியிருக்காது.

பெற்றோர் கவனத்திற்கு

சோதனைகளுக்கு 1.5 வோல்ட் டார்ச் செல் மட்டுமே போதும். சுவர் பிளக்கில் எதையும் செய்யக் கூடாது. செல்போன் பேட்டரியை எடுக்கக் கூடாது. பொத்தான் போன்ற சிறு செல்கள் சின்னக் குழந்தைகள் கைக்குப் போகக் கூடாது, விழுங்கினால் உயிராபத்து. செல்லின் இரு முனைகளையும் வயரால் நேரே இணைத்தால் வயரும் செல்லும் சுடும். உடனே எடுத்துவிட வேண்டும். ரயில் மேல்கம்பியைத் தொடத் தேவையில்லை, அருகில் போனாலே மின்சாரம் பாயும். வண்டிக் கூரையில் ஏறுவதும், கம்பிக்குப் பக்கத்தில் பட்டம் விடுவதும் கூடவே கூடாது.

பிள்ளை தவறாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள். “அப்படியானால் என்ன நடக்கும்? செய்து பார்ப்போமா?” என்று கேளுங்கள். பள்ளியில் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ படித்ததை வீட்டில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்தவனால் மொழி மாற்றிச் சொல்ல முடியாது, புரிந்தவனால்தான் முடியும்.

மும்பைக்குத் திரும்பிய பேத்தி போன வாரம் தொலைபேசியில் அழைத்தாள். “தாத்தா, அம்மா ‘கரண்ட் செலவாகுது’ன்னு திட்டினாங்க. கரண்ட் செலவாகாது, ஆற்றல்தான் செலவாகும்னு சொன்னேன். அதுக்கும் திட்டு வாங்கினேன்.”

“ஆற்றலும் செலவாகாது மக்களே, வடிவம்தான் மாறும்” என்றேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தமில்லை.

“அப்போ பில் எதுக்கு?” என்றாள்.

வடிவம் மாறிய ஆற்றல் நம் வீட்டை விட்டு வெப்பமாய்ப் போய்விடுகிறது, அதைத் திரட்டி மறுபடி விளக்கெரிக்க முடியாது, புதிதாகக் கொண்டுவந்து தருவதற்குத்தான் பில் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை அடுத்த விடுமுறைக்கு வைத்திருக்கிறேன்.